மாடி அறையில் ஆரியங்காவு

என் மாடி அறையில் பல வருடங்களாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது எந்த ஊர் வழியாகவும் போகவில்லை. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை, அதன்மேல் தண்டவாளம், ஓரத்தில் கன்ட்ரோல் பெட்டி, அவ்வளவுதான். பாதை கச்சிதமாக இருந்தது. தடம் மாற்றும் பாயின்ட்டுகள் சரியாக விழும், வண்டி எங்கேயும் தடம் புரளாது. வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "நல்லா ஓடுது" என்பார்கள். இது எந்த லைன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்கும்படி பலகையில் எதுவும் இல்லை.

எனக்கு மட்டும் அது செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் லைன். 1904-இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போட்ட பாதை. செங்கோட்டையிலிருந்து புனலூர் 49 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் நாடே மாறிவிடும். வயலும் தென்னையுமாகப் போகிற வண்டி பகவதிபுரம் தாண்டியதும் குகைக்குள் நுழையும். வெளியே வந்தால் ஆரியங்காவு, மலையாளச் சீமை. ஏற்றத்தில் முன்னால் ஒரு இன்ஜின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ளும். கழுதுருட்டி அருகே நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் மலைச்சரிவில் அந்தப் பதின்மூன்று கண் கல்பாலம் வரும்.

நான் பிறந்தது செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் எங்கள் வீட்டில் பாதி உறவு மலைக்கு அந்தப் பக்கம். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் இந்த வண்டியில்தான் போய்வந்தோம். 2010 செப்டம்பரில் அகலப்பாதை வேலைக்காக அந்த ரயிலை நிறுத்தினார்கள். 2018-இல் பெரிய ரயில் வந்தது. ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் நான் சன்னல் கம்பியில் முகம் பதித்துப் பார்த்த சின்ன ரயில் போய்விட்டது. அதை வைத்துக்கொள்ளத்தான் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் பலகை போட்டேன்.

ரயில் செய்கிற வேலையில் எனக்குத் தயக்கமே வந்ததில்லை. எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு என்று எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் அகலப் பாதை பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். கடையில் கிடைக்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குப் பொருந்திவிடும். அந்த அகலத்துக்கு வரும் வெளிநாட்டு மாடலின் அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டில் ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜினின் கூடு செய்து மாட்டினேன். பெட்டிகளையும் அப்படியே செய்தேன். வரைபடம் இருக்கிறது, ஸ்கேல் இருக்கிறது. அளந்து வெட்டினால் சரியாக வரும். மலைக்கு யார் வரைபடம் தருவார்கள்? கை அங்கே நின்றுவிட்டது.

படம் வரையத் தெரியாதவன் நான். பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பென்றாலே பின் வரிசை. மலை, மரம், ஆறு என்பதெல்லாம் ஓவியர்களின் காரியம் என்று மனதில் பதிந்திருந்தது. இது போக, இத்தனை நாள் பாடுபட்டுச் சரிசெய்த பாதையின்மேல் பசையையும் மண்ணையும் ஊற்றுவதா என்ற பயம். ஒரு பாயின்ட்டுக்குள் பசை இறங்கினால் அது அசையாது. இந்த இரண்டையும் வெளியே சொல்லிவிடலாம். யாரிடமும் சொல்லாதது இன்னொன்று. அந்த மலை எனக்குள்ளே பத்திரமாக இருந்தது. பலகையில் அதை அரைகுறையாகச் செய்துவைத்தால், நாளாவட்டத்தில் பலகையில் இருப்பதுதான் கண்ணில் நிற்கும், உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்று நினைத்தேன். வெறும் பலகையாக இருக்கும்வரை அந்த ஆபத்து இல்லை.

புத்தகங்களைப் புரட்டினால் தயக்கம் கூடியது. மாதிரி ரயில் கட்டும் இந்தக் கலையில் எல்லாரும் முதலில் சொல்கிற பெயர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில், தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கோர் அண்ட் டிஃபீட்டட் என்று ஒரு கற்பனை ரயில்வேயையே எழுப்பினார். தரையிலிருந்து கூரைவரை மலை. பள்ளத்தாக்குகளின் ஆழம் நம் முழங்காலுக்கும் கீழே போகும். இடம் பெரிதாகத் தெரிவதற்காகக் கண்ணாடிகளை ஒளித்துவைத்திருந்தார். தொழிலால் அவர் புகைப்படக்காரர். வெளிச்சத்தையும் நிழலையும் ஆண்டவர். அந்தப் படங்களைப் பார்த்தபின் என் பலகையைப் பார்க்கவே மனம் வராது. 1973-இல் அவர் இறந்து சில நாட்களுக்குள் வீட்டில் தீப்பிடித்து அத்தனையும் போயிற்று. இன்று மிஞ்சியிருப்பது அந்தப் புகைப்படங்களே. அவற்றைப் பார்த்துத்தான் பலரும் மலை கட்டக் கற்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்படியே போயிருக்கும். ஒரு நவராத்திரிக்கு அக்கா வந்தாள். மாடிக்கு ஏறியவள் வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏல, ரயிலு ஓடுது, ஊரைக் காணமே?"

எனக்கு வராது, பழக்கமில்லை என்றேன்.

"வராதா? நம்ம வீட்டு கொலுவுக்கு வருஷா வருஷம் பார்க் போட்டது யாரு? நீதானல? அப்ப யார்ட்ட கேட்டுக்கிட்டுப் போட்ட?"

கொலுப் படிக்குக் கீழே பார்க் போடுவது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் பொறுப்பு. செங்கல் அடுக்கிக் கரை கட்டி, ஆற்று மணல் பரப்பி, முன்கூட்டியே கேழ்வரகும் வெந்தயமும் தெளித்து முளைக்க வைப்போம். அதுதான் வயல். மரக்கடையிலிருந்து மரத்தூள் வாங்கிவந்து பச்சைச் சாயத்தில் தோய்த்துக் காயப்போட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்தால் குளம். கண்ணாடியின் விளிம்பு தெரிந்தால் அது கண்ணாடியாகத்தான் இருக்கும், விளிம்பை மணலால் மூடினால் தண்ணீராகிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். ஜான் ஆலன் கண்ணாடியை ஒளித்த வித்தையும் இதே வித்தைதான். பத்து வயதில் கூசாமல் செய்த கைக்கு இப்போது என்ன வந்தது என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

"இதுல வேண்டாம்னா விடு. வேற பலகையில போடு. புடிக்கலைன்னா கொல்லையில கொட்டு" என்றாள்.

எனக்கு வழி திறந்தது அந்தப் பேச்சில்தான். ஒரு சதுர அடி பிளைவுட் துண்டு, நடுவே ஒரு சாண் உடைந்த தண்டவாளம். ரயில் ஓடாத பலகை. அதில் எது நடந்தாலும் நஷ்டமில்லை.

அக்காவை ஊரில் விடப்போனபோது பகவதிபுரத்துப் பக்கம் ஒரு வரப்பிலிருந்து செம்மண் அள்ளிவந்தேன். மண்ணை அப்படியே போடக்கூடாது. வெயிலில் உலர்த்தி, பழைய வாணலியில் வறுத்தெடுத்தால்தான் பூச்சிமுட்டை சாகும். பிறகு டீ வடிகட்டியில் சலிப்பு. வடிகட்டியில் தங்கியது பாறைத்துண்டு, கீழே இறங்கியது மண். அதையே வேட்டித்துணியில் கட்டித் தட்டினால் மாவுபோலப் புழுதி வரும். கடைசியில் ஒரு காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு மண்ணுக்குள் நடத்தினேன். பையின் வெளிப்புறத்தில் கறுப்பாக, மெல்லிய மீசைபோல இரும்புத்துகள் சிலிர்த்து நின்றது. இது இன்ஜினின் மோட்டாருக்குள் போனால் உள்ளேயிருக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு மோட்டாரைக் கெடுத்துவிடும். பையைத் திருப்பி உதறிவிட்டு, ஒன்றும் ஒட்டாத வரை திரும்பத் திரும்ப நடத்தினேன்.

பலகைக்கு முதலில் மண் நிறத்தில் பெயின்ட். அதன்மேல் ஃபெவிகாலைத் தூரிகையால் தடவி, ஈரத்திலேயே புழுதியைத் தூவி, மேலே கொஞ்சம் பெரிய மண், ஓரத்தில் கற்கள். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரைப் பனிபோலத் தெளித்தேன். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சோப்பு இருந்தால் சட்டென்று உறிஞ்சும். நனைந்தபின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அந்த நிலையில் பார்த்தால் வயிறு கலங்கும். பாலும் சேறும் கலந்த குட்டைதான் கண்ணுக்குத் தெரியும். அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். காலையில் போனேன். பசையின் வெள்ளை மறைந்திருந்தது. உலர்ந்த செம்மண், தண்டவாளத்து ஓரத்தில் இரண்டு மூன்று கல், ஒரு சின்ன வெடிப்பு. குனிந்து பலகைமட்டத்துக்குக் கண்ணை வைத்தேன். பகவதிபுரம்தான். வரைந்திருந்தால் எனக்கு வந்திருக்காது. அந்த ஊர் மண்ணையே போட்டதால் நிறமும் சொரசொரப்பும் தானாகவே சரியாக அமைந்துவிட்டன.

அடுத்து, வேண்டுமென்றே அதன் ஒரு மூலையில் வெந்நீர் ஊற்றிக் காத்திருந்தேன். ஃபெவிகால் இளகியது. கத்தி முனையால் நெம்பியதும் மண் பாளமாக வந்தது; தண்டவாளத்துக்கு ஒரு சேதமும் இல்லை. என் பயத்தின் பாதி அன்றோடு முடிந்தது. டேவ் ஃப்ரேரி என்ற அமெரிக்கர் 1982-இல் எழுதிய புத்தகம் முழுவதும் இதைத்தான் சொல்கிறது. தண்ணீரில் கரையும் பசை, தண்ணீரில் கரையும் வண்ணம். ஆகவே எதையும் திருத்தலாம். நான் அதைப் படித்தவன்தான். வெந்நீர் ஊற்றிப் பார்த்தபின்தான் நம்பினேன்.

பிறகு பெரிய பலகையில் கைவைத்தேன். முதலில் ஜல்லி. நிஜப் பாதையில் 50 மில்லிமீட்டர் ஜல்லி என்றால் என் அளவில் 0.6 மில்லிமீட்டர்கூட வராது. கிரஷர் தூளைச் சலித்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். ஸ்லீப்பர்களுக்கு இடையே பரப்பி, மெல்லிய தூரிகையால் தட்டி ஒதுக்கி, அதே சோப்புத் தண்ணீர், அதே நீர்த்த பசை. பாயின்ட்டின் அசையும் நாக்கைச் சுற்றி மட்டும் ஜல்லியை உலர்வாகவே மிகக் குறைவாக வைத்து, தள்ளி நின்று சொட்டுவிட்டேன். காய்ந்ததும் தண்டவாளத்தின் தலையைத் துணியால் துடைத்து வண்டியை விட்டேன். ஓடியது.

மார்கழியில் மலைக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டு முன்னறையில் குடில் கட்டுகிறவர். பெத்லகேம் மலையைச் சிமென்ட் பையின் காகிதத்தால் எழுப்புவார். கசக்கி, மைதாப் பசையில் தோய்த்து, சாக்குமேல் போட்டு, வண்ணம் அடித்தால் விடியும்போது குன்று நிற்கும். பாளையங்கோட்டையில் பல வீடுகளில் இப்படித்தான் கட்டுகிறார்கள். என் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மலைங்கிறது சாக்கும் பேப்பரும்தான். என்னத்துக்கு இம்புட்டு யோசிக்கீய? கசக்குங்க. கசங்குனது எல்லாம் மலைதான்."

அட்டைப்பெட்டியை விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இடைவெளியில் செய்தித்தாள் பந்துகளைச் செருகினோம். மாடல் ரெயில்ரோடர் என்ற அமெரிக்க இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், காகிதத் துவாலையைப் பிளாஸ்டர் குழம்பில் தோய்த்து மூடுகிற முறையைப் பரப்பியவர். எங்களிடம் பழைய வேட்டி இருந்தது. கிழித்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்துப் போர்த்தினோம். மாவுக்கட்டு போடுகிறவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வேலைதான். கொஞ்சமாகக் கரைத்து வேகமாகப் போட வேண்டும். நிறையக் கரைத்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். பாறைக்கு அலுமினியத் தாளைக் கசக்கிப் பாதி விரித்து, அதில் பிளாஸ்டரை ஊற்றி, தயிர்ப் பதத்தில் இருக்கும்போதே சரிவில் அழுத்திப் பிடித்தோம். இறுகியதும் தாளை உரித்தால் உள்ளே முகடும் வெடிப்புமாகப் பாறை. கறுப்பையும் பழுப்பையும் நன்றாக நீர்க்க விட்டு மேலிருந்து வழியவிட்டதும், வெடிப்புகளில் கறுப்பு தங்கியது. மலை கனத்தது.

பதின்மூன்று கண்ணையும் குறைக்காமல் பாலத்தை வைத்தேன். ஃபோம் போர்டில் வளைவுகளை வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு கல்லாக அழுத்திக் கோடு போட்டேன். அளவும் பொறுமையும் கேட்கிற வேலை. அது எனக்குப் பழக்கமானதுதான்.

பச்சை போடுவதற்கு முன் ஆரியங்காவுக்கு ஒரு முறை போய்வர வேண்டியிருந்தது. என் நினைவில் மலை ஒரே பச்சை. நேரில் போய் நின்றால் அப்படி இல்லை. ரப்பர் தோட்டம் வரிசை பிடித்து நிற்கிறது. மரத்தின் அடி சாம்பல் நிறம், பால் வெட்டிய சாய்கோடு, அதன் கீழே கிண்ணம். தேக்கு வேறு பச்சை, மூங்கில் வேறு பச்சை. வெட்டிய பாறை பழுப்பாக இல்லை, நனைந்த கருங்கல். எந்த மாதத்தைச் செய்யப்போகிறேன் என்பதை அங்கேதான் முடிவு செய்தேன். ஆனி ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் இறங்குமே, அந்த நாட்கள்.

டீக்கடையில் மீட்டர்கேஜ் காலத்துக் கேங்மேன் ஒருவரைச் சந்தித்தேன். போட்டோ காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஓடையை எங்க?" என்று கேட்டார். மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்திலெல்லாம் மலைப்பக்கத்தில் வாய்க்கால் இருக்கும். மழைக்காலத்தில் அவருக்கு முக்கிய வேலையே அதில் விழுந்த மண்ணையும் இலையையும் வாரி எடுப்பது. வாய்க்கால் அடைந்தால் தண்ணீர் ஜல்லிக்குள் புகுந்து பாதையை இளக்கிவிடும். இதைச் சொல்லும்போது அவர் கை மண்வெட்டி பிடிக்கிற மாதிரி அசைந்தது. எத்தனையோ முறை அந்த வாய்க்காலைச் சன்னலிலிருந்து கடந்திருக்கிறேன். என் நினைவில் அது இல்லவே இல்லை.

நினைவு அழிந்துவிடும் என்று பயந்த எனக்கு அங்கே கிடைத்தது இது. நினைவில் இருந்தது ஓடுகிற சன்னலில் தெரிந்த மலை. கட்டத் தொடங்கியதும் கேள்வி வந்தது: தண்ணீர் எங்கே போகும், மரம் எந்த வரிசையில் நிற்கும், பாலத்தின் அடிக்கல் எந்த நிறம். கேள்வி வந்ததால் போய்ப் பார்த்தேன், ஆட்களிடம் கேட்டேன். அந்த மலை எனக்கு முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டரைச் சுரண்டி வாய்க்கால் வெட்டினேன். அதன் ஓரத்தில் பாசிக்காகக் கொஞ்சம் பச்சைத்தூள்.

அந்தப் பச்சைத்தூளும் வீட்டுச் சரக்கே. மெத்தைக் கடையில் மிஞ்சும் ஸ்பாஞ்சை வாங்கி, அக்ரிலிக் வண்ணத்தில் ஊறவைத்து, இதற்கென்று ஒதுக்கிய பழைய மிக்ஸி ஜாரில் தண்ணீரோடு அரைத்துக் காயவைத்தேன். நாலைந்து பச்சைகளைத் தனித்தனி டப்பாவில் வைத்துக் கலந்து தூவினேன். மரத்தின் அடிக்கு முறுக்கிய செம்புக்கம்பி. கிளைக்குப் பிரித்த பீர்க்கங்கூடு. இருபது மீட்டர் ரப்பர் மரம் என் அளவில் 23 சென்டிமீட்டர் வரவேண்டும். அப்படி வைத்தால் மலை சிறுத்துப்போகும். அதனால் பாதி உயரம் வைத்தேன். இந்தக் கலையில் பலரும் மரத்தைக் குறைத்துத்தான் வைக்கிறார்கள்.

மலை இன்னும் முடியவில்லை. பாலத்துக்கு மேற்கே பலகை வெறுமையாகத்தான் இருக்கிறது. அது என்னை உறுத்தவும் இல்லை. ஒரு உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கு அதை மட்டும் பார்த்தால் போதும் என்பது பழகிவிட்டது.

1992-இல் ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் பாதைகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக மாறிவிட்டன. மயிலாடுதுறை–தரங்கம்பாடி லைன் அதற்கும் முன்பே, 1986-இல், மூடப்பட்டது. அந்த வண்டிகளில் ஏறி இறங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஓடையை எங்கே என்று கேட்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் வெறும் பலகையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தால், நல்ல நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய பலகையைத் தொடவேண்டாம். ஒரு சதுர அடித் துண்டு எடுங்கள், உங்கள் லைன் ஓடிய ஊரில் ஒரு பிடி மண் அள்ளிவாருங்கள், வறுங்கள், சலியுங்கள், காந்தம் போடுங்கள், தூவுங்கள். பிடிக்காவிட்டால் வெந்நீர் ஊற்றினால் போயிற்று. தண்டவாளத்தை நேராகப் போடத் தெரிந்த கைக்கு மண் போடவும் வரும்.